ஆயில் குறையும் பழைய பைக்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஓடித் தேய்ந்த பைக்குகளில் இன்ஜின் ஆயில் குறைவது பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: 100 சிசி பைக். 84,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 3,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறேன். 900 மி.லி. ஊற்றினால் வடிக்கும்போது பாதிதான் வருகிறது. இன்ஜினைப் பிரித்து போர் போட்டுவிடலாம் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையைக் கடைந்து சீராக்கிவிடலாம்) என்கிறார் மெக்கானிக். பிரிக்கலாமா? – வாசகர், அரியலூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் கணக்குப்படியே பார்த்தாலும் 1,000 கி.மீ.க்கு 150 மி.லி.தான் குறைகிறது. அதிலும் ஒரு பகுதி உண்மையில் குறைந்திருக்காது. இன்ஜின் ஆறிய பிறகு வடித்தால், கிளட்ச் கவருக்குள்ளும் அடியிலும் கொஞ்சம் ஆயில் தங்கிவிடும். அதனால் முதலில் சரியாக அளந்து பாருங்கள்.

சமதளத்தில் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மூன்று நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட்டு அணையுங்கள். மேலும் மூன்று நிமிடம் பொறுத்து, டிப் ஸ்டிக்கைத் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) துடைத்துவிட்டு அளவு பாருங்கள். பெரும்பாலான 100 சிசி வண்டிகளில் டிப் ஸ்டிக்கை மரையில் திருகாமல் துளையில் சும்மா வைத்துத்தான் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் ஸ்டிக் ஆழமாக இறங்கி, ஆயில் நிறைய இருப்பதுபோல் காட்டும். சில மாடல்களில் முறை வேறு என்பதால் உங்கள் வண்டியின் கையேட்டை ஒருமுறை பாருங்கள். மேல் கோடு வரை நிரப்பி, மீட்டர் கி.மீ.யைக் குறித்துக்கொள்ளுங்கள். 500 கி.மீ. ஓடியதும் அதே இடத்தில், அதே முறையில் பார்த்து, 50 மி.லி. சிரிஞ்சால் மீண்டும் மேல் கோட்டைத் தொடும்வரை ஊற்றுங்கள். ஊற்றிய அளவை இரண்டால் பெருக்கினால் 1,000 கி.மீ. கணக்கு வந்துவிடும்.

100 மி.லி.க்குள் இருந்தால் அந்த வயது வண்டிக்கு அது ஒரு குறையே இல்லை. 100 முதல் 250 வரை என்றால் காரணத்தைத் தேடுங்கள், டாப் அப் செய்து ஓட்டுங்கள். 300ஐத் தாண்டினாலோ, பிளக் அடிக்கடி எண்ணெய்ப் பிசுக்குடன் கறுத்து மிஸ்ஸிங் வந்தாலோ பிரிக்கலாம்.

தேடலைக் கசிவிலிருந்து ஆரம்பியுங்கள். டிரெயின் போல்ட் வாஷர், டாப்பெட் மூடியின் ஓ-ரிங், கியர் லீவர் ஷாஃப்ட் சீல், முன் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சீல், மேக்னட் கவர் பேக்கிங் ஆகியவைதான் வழக்கமான இடங்கள். ஸ்ப்ராக்கெட் சீல் கசிந்தால் பலர் அதை செயின் ஆயில் என்றே நினைத்துவிடுகிறார்கள். இன்ஜினைக் கழுவிக் காயவைத்து, சந்தேகப்படும் இடத்தில் முகப் பவுடரைத் தூவி 10 கி.மீ. ஓட்டிவிட்டு வாருங்கள். கசிவு எங்கே தொடங்குகிறதோ அங்கே பவுடர் நனைந்து கோடு போட்டிருக்கும். டிரெயின் வாஷரை ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புதிதாகப் போடுங்கள். கசிகிறதே என்று போல்ட்டை மேலும் மேலும் முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும்.

காரணம் கிடைக்கும்வரை இரண்டு முறை பெட்ரோல் போடுவதற்கு ஒருமுறையாவது அளவு பாருங்கள். ஆயில் குறைவாக ஓடும்போது முதலில் அடிவாங்குவது மேலே இருந்து வால்வுகளைத் திறக்கும் கேம், ராக்கர் ஆர்ம்தான், ஏனென்றால் ஆயில் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அது. காற்றில் குளிரும் இன்ஜினில் சூட்டைச் சுமந்து வெளியேற்றும் வேலையும் ஆயிலுக்கு உண்டு. 900 மி.லி. செய்ய வேண்டிய வேலையை 450 மி.லி. செய்தால் அந்த ஆயிலே சீக்கிரம் கெட்டுப்போகும்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்து, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. கொல்லிமலையிலிருந்து இறங்கும்போதும் வளைவு முடிந்து ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஒரு வீச்சு புகை. மற்ற நேரத்தில் இல்லை. – வாசகர், சேந்தமங்கலம்

பதில்: இது பெரும்பாலும் வால்வு சீல், அதாவது வால்வு தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர். இரவெல்லாம் வண்டி நிற்கும்போது ஹெட்டில் (இன்ஜினின் மேல் பகுதியில்) தங்கிய ஆயில், காய்ந்து இறுகிப்போன சீல் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. காலையில் அதுதான் எரிகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆக்சிலரேட்டரை மூடி இன்ஜின் பிரேக்கில் இறங்குகிறீர்கள். அப்போது இன்டேக் பக்கம் உறிஞ்சும் விசை அதிகமாகி, வால்வு தண்டு வழியாக ஆயிலை இழுக்கிறது. திறந்ததும் புகையாக வருகிறது. ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) போன வண்டி இப்படி நேரம் பார்க்காது, ஏற்றத்தில் முழுக்க முறுக்கும்போது தொடர்ந்து புகைக்கும்.

உறுதிசெய்ய கம்ப்ரஷன் கேஜ் உள்ள கடைக்குப் போங்கள். சூடான இன்ஜினில் பிளக்கைக் கழற்றி கேஜை மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து, முள் ஏறாமல் நிற்கும்வரை கிக்கரை உதைக்க வேண்டும். பிறகு பிளக் துளை வழியாக 5 மி.லி. ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாமல் குறைவாகவே இருந்தால் வால்வு சரியாக மூடவில்லை. உங்கள் வண்டியில் இரண்டு முறையும் நல்ல அளவே வரும் என்று எதிர்பார்க்கிறோம். வால்வு சீல் கசிந்தாலும் கம்ப்ரஷன் குறையாது.

ஹெட்டைக் கழற்றும்போது சீலை மட்டும் மாற்றி மூடவிடாதீர்கள். வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் தெரியும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் கைடும் (வால்வு தண்டு ஓடும் குழல்) தேய்ந்திருக்கிறது. ஆடும் வால்வு புது சீலையும் சில மாதங்களில் கிழித்துவிடும். கைடு மாற்றினால் வால்வு சீட்டையும் கட்டாயம் மறுபடி வெட்ட வேண்டும், இல்லையென்றால் வால்வு நடுவில் உட்காராது.

கேள்வி: 10டபிள்யூ-30க்குப் பதில் 20டபிள்யூ-50 ஊற்றினால் ஆயில் குடிப்பது நிற்குமா? கார் ஆயில் மிச்சம் இருக்கிறது, அதை டாப் அப்புக்குப் பயன்படுத்தலாமா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: குறையும், நிற்காது. 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 கிரேடு (10டபிள்யூ-30ல் கடைசி எண்) ஆயிலின் பிசுபிசுப்பு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ், 50 கிரேடுக்கு 16.3 முதல் 21.9. கெட்டியான ஆயில் தேய்ந்த இடைவெளி வழியாக மெதுவாகத்தான் நழுவும். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேமுக்கு ஏறவும் அதே மெதுவைக் காட்டும். மெல்லிய ஆயிலுக்காக வடிவமைத்த சின்ன இன்ஜினில் 50 வரை போவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வேலைக்கு விடும்வரை 20டபிள்யூ-40 என்று ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள், அது போதும்.

கார் ஆயில் கூடவே கூடாது. நம் ஊர் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்த கார் ஆயில் கிளட்ச் பிளேட்டில் ஊறினால் ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கும். பாட்டிலில் ஜாசோ (ஜப்பானியத் தரக் குறியீடு) எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்கிறதா பாருங்கள். எம்.பி. என்று இருந்தால் அது கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர் வகைக்கு.

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் ரிங் செட் மாற்றினேன். இரண்டே மாதத்தில் பழையபடி புகை. ரிங் போலியா? – வாசகர், விருதுநகர்

பதில்: போலியாகவும் இருக்கலாம். ஆனால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது போரைத்தான். போர் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தேயாது. மேல் ரிங் போய்த் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். கழற்றிய பிளாக்கில், மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி விரல் நகத்தை இழுத்தால் ஒரு படி தட்டும். வட்டமான புது ரிங், நீள்வட்டமாகிப்போன போரில் எப்படிப் பொருந்தும்? புது ரிங்கின் கூரான விளிம்பு அந்தப் படியில் மோதி உடைவதும் உண்டு.

அளக்க விலை உயர்ந்த கருவி இல்லாவிட்டாலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) போதும். புது ரிங்கை போரின் அடியில், தேயாத இடத்தில் வைத்து, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கி, முனை இடைவெளியைப் பாருங்கள். அதே ரிங்கைப் படிக்குச் சற்றுக் கீழே வைத்து மறுபடி பாருங்கள். அடியில் 0.20 மி.மீ., மேலே 0.50 மி.மீ. என்றால் வித்தியாசம் 0.30. அதை 3.14ஆல் வகுத்தால் போர் விட்டம் மேலே சுமார் 0.1 மி.மீ. அகன்றிருக்கிறது. அந்த அளவு வந்துவிட்டால் ரிங் மட்டும் போடுவது காசைக் கரியாக்கும் வேலை.

ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50 என்று படிப்படியாகக் கிடைக்கும். பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையோடு லேத்துக்குக் கொண்டுபோங்கள். அந்தப் பிஸ்டனை அளந்துதான் போர் போட வேண்டும். கடைசியாகச் சுவரைத் தேய்க்கும் ஹோனிங்கின் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியதுபோல் தெரிய வேண்டும். வந்த பிளாக்கைப் பெட்ரோலில் அலசினால் மட்டும் போதாது. சோப்புத் தூளும் வெந்நீரும் விட்டு பிரஷ் போட்டுக் கழுவி, வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் படியாதவரை கழுவ வேண்டும். ஹோனிங் துகள் உள்ளே தங்கினால் புது ரிங்கையே அரைத்துவிடும். காய்ந்ததும் உடனே ஆயில் தடவுங்கள், இல்லையென்றால் துருப்பிடிக்கும். ரிங்கில் எழுத்து உள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். முனைகள் ஒரே நேர்கோட்டில் வராமல் 120 டிகிரி தள்ளித் தள்ளி இருக்க வேண்டும்.

கேடிஎம் டியூக் போன்ற வண்டிகளில் போர் சுவரில் நிகாசில் என்ற கடினமான நிக்கல் பூச்சு இருக்கும். அதை வழக்கமான முறையில் போர் போட முடியாது, பிளாக்கோடு மாற்ற வேண்டும்.

வேலை முடிந்த வண்டியை மணிக்கணக்கில் ஐடிலிங்கில் விட்டு வைக்கும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். சுமையே இல்லாமல் ஓடினால் ரிங் போரில் படியாது, சுவர் வழவழப்பாகிவிடும். 500 கி.மீ. வரை வேகத்தைக் கொஞ்சம் ஏற்றியும் இறக்கியும், முழுக்க முறுக்காமல் ஓட்டுங்கள். 500ல் ஆயிலை வடித்துப் புதிது ஊற்றுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு ஏர் ஃபில்டரைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த போரும் தேயும். ஃபில்டரிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் உள்ளே விரல் விட்டுத் துடைத்துப் பாருங்கள். செம்மண் ஒட்டினால் ஃபில்டர் கிழிந்திருக்கிறது, அல்லது சரியாக உட்காரவில்லை.

கேள்வி: ஏர் ஃபில்டர் பெட்டியில் ஆயில் தேங்கியிருக்கிறது. கசிவு எதுவும் இல்லை. – வாசகர், ஆம்பூர்

பதில்: டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். மேல் கோட்டுக்கு மேலே இருந்தால் அதுதான் காரணம். கூடுதல் ஆயிலை கிராங்க் அடித்து நுரையாக்கி, பிரீதர் குழாய் (இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் குழாய்) வழியாக ஏர் பெட்டிக்குத் தள்ளுகிறது. மேல் கோட்டுக்கு வடித்துவிடுங்கள். அளவு சரியாக இருந்தும் தேங்கினால், தேய்ந்த ரிங் வழியாக எரிந்த வாயு கீழே இறங்கி பிரீதரில் அடிக்கிறது. விருதுநகர் வாசகருக்குச் சொன்ன பதிலே உங்களுக்கும்.

கேள்வி: மழைக்காலத்தில் டிப் ஸ்டிக் முனையில் வெள்ளை நுரை. தினமும் 2 கி.மீ.தான் ஓட்டுகிறேன். – வாசகர், நாகர்கோவில்

பதில்: இன்ஜின் சூடேறுவதற்குள் அணைத்துவிடுகிறீர்கள். உள்ளே படியும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலில் கலக்கிறது. வாரம் ஒருமுறை நிற்காமல் அரை மணி நேரம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் நுரை இருந்தால் ஆயிலை மாற்றிவிடுங்கள். கி.மீ. ஆகவில்லையே என்று காத்திருக்க வேண்டாம்.