ஐந்து வருஷத்தில் இரண்டு டிகிரி: மிச்சமாவது எது?

ஆச்சி, உங்கள் மகளைப் பிளஸ் டூ முடிந்ததும் ஐந்தாண்டு 'இன்டக்ரேட்டட் எம்.எஸ்சி.'யில் சேர்த்துவிட்டால் ஒரே மூச்சில் இரண்டு டிகிரியும் வந்துவிடும், ஒரு வருஷம் மிச்சமாகும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். முதலில் கூட்டிப் பாருங்கள். பி.எஸ்சி. மூன்று வருஷம், எம்.எஸ்சி. இரண்டு வருஷம். மொத்தம் ஐந்து. காரைக்குடியில் அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. படித்து, வேறெங்காவது எம்.எஸ்சி. படித்தாலும் அதே ஐந்துதான். கலை, அறிவியல் படிப்புகளைப் பொறுத்தவரை ஒருங்கிணைந்த படிப்பில் ஒரு நாள்கூட மிச்சமில்லை.

மிச்சமாவது அலைச்சல். மூன்றாம் வருஷ முடிவில் மறுபடி நுழைவுத் தேர்வு, கவுன்சலிங், டி.சி., புது ஹாஸ்டல் என்று ஓட வேண்டியதில்லை. பாடத்திட்டத்தையும் ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே போட்டிருப்பதால், பி.எஸ்சி.யில் படித்ததையே எம்.எஸ்சி. முதல் செமஸ்டரில் திரும்பப் படிக்கும் கொடுமை குறையும். கடைசி வருஷத்தில் ஆய்வுக்கு நிறைய நேரம் கிடைக்கும். இவை நல்ல லாபங்கள்தான். ஆனால் நீங்கள் எதிர்பார்த்த லாபம் இதுவல்ல என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

உண்மையிலேயே வருஷம் குறைகிற இடம் பொறியியல். பி.டெக். நான்கு, எம்.டெக். இரண்டு என்று ஆறு வருஷம் ஆவதை ஐ.ஐ.டி.களின் இரட்டைப் பட்டப் படிப்பு ஐந்தில் முடிக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். சேர்ந்த பிள்ளைகளே மூன்றாம் ஆண்டு வாக்கில் விண்ணப்பித்து, டேட்டா சயின்ஸ், ரோபாட்டிக்ஸ் போன்ற துறைகளில் இரட்டைப் பட்டத்துக்கு மாறிக்கொள்ளும் வழியும் இருக்கிறது. மூன்று வருஷம் படித்துப் பார்த்து, பிடித்த பிறகு முடிவு செய்வதால் எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கும். உங்கள் மகளுக்கு இன்ஜினியரிங்கில் விருப்பமில்லை என்பதால் இதை இத்துடன் விடுகிறேன்.

அமெரிக்காவில் இருக்கும் அவளுடைய அம்மான் சொன்ன 'நாலு பிளஸ் ஒன்று' வேறு கதை. அங்கே படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற அலகில் கணக்கிடுவார்கள். இளநிலைக்குப் பொதுவாக 120 கிரெடிட், முதுநிலைக்கு 30 கிரெடிட் அளவில் இருக்கும். நன்றாகப் படிக்கும் மாணவர் மூன்றாம் வருஷத்தில் விண்ணப்பித்து, நான்காம் வருஷத்திலேயே சில முதுநிலைப் பாடங்களை எடுக்கலாம். அவற்றில் ஒன்பது, பன்னிரண்டு கிரெடிட் வரை இரண்டு பட்டத்துக்கும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். அதனால் முதுநிலை ஒரு வருஷத்தில் முடிகிறது. அம்மான் சொன்னது சரிதான். ஆனால் பெரும்பாலும் இது அதே பல்கலைக்கழகத்தில் இளநிலை படிப்பவருக்கான சலுகை. அதற்காக நான்கு வருஷ இளநிலைக் கட்டணத்தை டாலரில் கட்டி அனுப்புவது என்றால், மிச்சமாகும் ஒரு வருஷத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை மிக அதிகம். அறிவியலில் ஆய்வு செய்ய அமெரிக்கா போக ஆசை என்றால், இங்கே எம்.எஸ்சி. வரை முடித்துவிட்டு பிஎச்.டி.க்குப் போகலாம். அங்கே அறிவியல் பிஎச்.டி. மாணவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதச் செலவுக்கும் பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

சரி, நம் ஊர் ஐந்தாண்டுப் படிப்புக்கு வருவோம். இதில் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மூன்று வருஷம் முடிந்து, 'எனக்கு இது வேண்டாம்' என்று மகள் சொன்னால் கையில் என்ன இருக்கும்?

நம் பக்கத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள் மூன்று வருஷக் கணக்கில்தான் போனார்கள். கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பி, வரவு செலவைப் பார்த்து, மறுபடி போவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். படிப்பிலும் அப்படி ஒரு கணக்கு முடிக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சில பல்கலைக்கழகங்கள் மூன்றாம் ஆண்டு முடிவில் விரும்பினால் இளநிலைப் பட்டத்தோடு வெளியேற விடுகின்றன. இந்தூர் ஐ.ஐ.எம்.மின் ஐந்தாண்டு மேலாண்மைப் படிப்பில்கூட மூன்று வருஷத்தில் இளநிலைப் பட்டத்தோடு வெளியே வர வழி உண்டு. சில இடங்களில் அப்படி ஒன்றும் கிடையாது. ஐந்து வருஷமும் முடித்தால் எம்.எஸ்சி. என்று ஒரே ஒரு சான்றிதழ் தருவார்கள். நடுவில் நின்றால் மார்க்ஷீட்டுகள் மட்டும்தான் கையில் இருக்கும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 எழுத ஒரு டிகிரி வேண்டும். வங்கி அதிகாரி தேர்வுக்கும் வேண்டும், எம்.பி.ஏ.வுக்கும் வேண்டும், பி.எட்.டுக்கும் வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் மூன்று வருஷத்தில் பி.எஸ்சி. வாங்கி, இருபது, இருபத்தொரு வயதில் இதையெல்லாம் எழுத ஆரம்பித்துவிடுவாள். ஒரே சான்றிதழ் தரும் படிப்பில் இருக்கும் உங்கள் மகள் அதே வயதில் அதே பாடங்களைப் படித்திருந்தாலும் விண்ணப்பத்தில் 'பட்டதாரி' என்று போட முடியாது. ஐந்தாம் வருஷம் வரை காத்திருக்க வேண்டும். ஆராய்ச்சிக்குத்தான் போகப் போகிறாள் என்றால் பரவாயில்லை. பதினேழு வயதில் எத்தனை பிள்ளைகளுக்கு அது நிச்சயமாகத் தெரியும்?

அப்புறம் பட்டத்தின் பெயர். இதை யாரும் பார்ப்பதே இல்லை. ஒருங்கிணைந்த படிப்புகளுக்குக் கவர்ச்சியான பெயர்களாக வைத்துவிடுகிறார்கள். உயிர் அறிவியல், பொருள் அறிவியல், ஏதாவது ஒரு தொழில்நுட்பம் என்று வரும். தனியார் நிறுவனத்தில் அது பிரச்சினையில்லை. ஆனால் அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆக டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதும்போது, இளநிலையும் முதுநிலையும் அந்தந்தப் பாடத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். பட்டத்தின் பெயர் தாவரவியல், விலங்கியல், வேதியியல் என்று நேராக இல்லாவிட்டால், அது இன்ன பட்டத்துக்கு இணை என்று அரசாணை இருக்கிறதா எனத் தேட வேண்டியிருக்கும். இணைத்தன்மை இல்லை என்று சான்றிதழ் சரிபார்ப்பில் திரும்பி வருவதைவிட, சேரும் முன்பே பெயரைப் பார்த்துவிடுவது நல்லது. உங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறையாக ஆசிரியைகள் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நாளைக்கு அவளும் அந்தப் பக்கம் திரும்பலாம்.

பட்டம் வாங்கியும் பயன்படாமல் போன கதை தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. இளநிலை படிக்காமலே திறந்தநிலை வழியில் நேராக எம்.ஏ. வாங்கியவர்கள் ஒரு காலத்தில் ஏராளம். அப்படிப்பட்ட முதுநிலைப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2009-இல் எடுத்தது. ஒழுங்காக நடக்கும் ஒருங்கிணைந்த படிப்பு அந்த ரகத்தில் சேராது, பயப்பட வேண்டாம். ஆனால் 'ஒரே வருஷத்தில் டிகிரி', 'பி.ஏ.வும் எம்.ஏ.வும் ஒரே நேரத்தில்' என்று சுவரில் ஒட்டுகிறார்களே, அதை நம்பி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஒரே காலத்தில் இரண்டு பட்டப் படிப்பு படிக்கலாம் என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-இல் அனுமதி கொடுத்தது உண்மை. இளநிலையையே முடிக்காமல் முதுநிலையில் உட்காரலாம் என்று அதற்குப் பொருளில்லை. 2024 இறுதியில் யு.ஜி.சி. ஒப்புதல் கொடுத்த 'விரைவுப் பட்டம்' என்பதும் இளநிலையை மட்டும் கொஞ்சம் சுருக்குவது. மூன்று வருஷப் படிப்பை ஐந்து செமஸ்டரில் முடிக்கலாம். அதுவும் மொத்த இடங்களில் பத்து சதவீதம் பேர் வரைக்கும்தான். நீங்கள் பார்க்கும் கல்லூரியில் அது நடைமுறையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு திட்டம் போடாதீர்கள்.

உங்கள் மகளுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது ஐசர், அதாவது மத்திய அரசின் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். திருப்பதி, திருவனந்தபுரம், புனே உட்பட ஏழு இடங்களில் இருக்கிறது. பி.எஸ்.-எம்.எஸ். என்ற ஐந்து வருஷ இரட்டைப் பட்டம். நுழைவுத் தேர்வில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கிலும் பதினைந்து பதினைந்து கேள்வி, மொத்தம் அறுபது, மூன்று மணி நேரம். அவள் எடுத்திருப்பது பயோ-மேத்ஸ் குரூப். நீட் ஒன்றையே மனதில் வைத்துக் கணிதத்தை விட்டுவிட்டு வருகிறவர்களைவிட இதில் அவளுக்கு வசதி அதிகம். புவனேசுவரத்தில் உள்ள நைசர் என்ற தேசிய அறிவியல் கல்வி நிறுவனத்துக்கு நெஸ்ட் என்று தனித் தேர்வு. அதற்கும் ஏறக்குறைய இதே தயாரிப்புப் போதும்.

வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டும் என்றால் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்கு க்யூட் என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். காரைக்குடியிலிருந்து அங்கே ரயில் பாதையே இருப்பதால் அப்பச்சி மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் உருவாக்கி, 1929-இல் பல்கலைக்கழகமான சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் ஐந்தாண்டுப் படிப்புகள் நெடுங்காலமாக உண்டு. தேசிய கல்விக் கொள்கைக்குப் பிறகு பல மத்தியப் பல்கலைக்கழகங்கள் 'நான்கு வருஷ இளநிலை, ஒரு வருஷ முதுநிலை' என்ற அமைப்புக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. அதனால் போன வருஷம் சேர்ந்தவர் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல், அந்த ஆண்டு வரும் அறிவிப்பைப் படியுங்கள்.

பிரித்துப் படிப்பதை மட்டம் என்று நினைக்காதீர்கள். உள்ளூரில் குறைந்த கட்டணத்தில் பி.எஸ்சி. படித்து, மூன்றாம் வருஷத்தில் 'ஜாம்' தேர்வு எழுதி, ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஐந்தே வருஷம்தான், செலவு குறைவு, கடைசிச் சான்றிதழில் ஐ.ஐ.டி. பெயர் இருக்கும். பெயர் தெரியாத ஒரு தனியார் கல்லூரியில் ஐந்து வருஷத்துக்குக் கட்டிப்போடுவதைவிட இதுவே மேல் என்பது என் கட்சி. நுழைவுத் தேர்வு எழுதிச் சேரும் நல்ல நிறுவனம் கிடைத்தால் ஒருங்கிணைந்த படிப்பு. கிடைக்காவிட்டால் மூன்றும் இரண்டும்.

பணத்தைப் பற்றி. மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை அடிப்படை அறிவியல் படிப்பவருக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை தருகிறது. பிளஸ் டூவில் அந்தந்த வாரியத்தின் முதல் ஒரு சதவீதத்தில் வருகிறவர்கள் விண்ணப்பிக்கலாம், ஒருங்கிணைந்த எம்.எஸ்சி.க்கு ஐந்து வருஷமும் கிடைக்க வாய்ப்புண்டு. வங்கிக் கடன் வாங்கினால் ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து முதலிலேயே மதிப்பீடு கொடுங்கள். நாலாம் வருஷத்தில் போய்க் கூடுதலாகக் கேட்பது தலைவலி. தவணை பொதுவாகப் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் கழித்துத்தான் தொடங்கும், ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். வட்டிக் கணக்கை உங்கள் வீட்டில் நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரிய ஆச்சி கல்யாணப் பேச்சை எடுக்கிறார்கள், அதனால்தான் ஒரேயடியாக முடித்துவிட நினைக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அது உங்கள் வீட்டு விஷயம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: அந்தக் காரணத்துக்காகப் படிப்பைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், மூன்று வருஷத்தில் தனிப் பட்டம் தருகிற படிப்புதான் அவளுக்குப் பாதுகாப்பு. நடுவில் என்ன நடந்தாலும் கையில் ஒரு டிகிரி இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது. க்யூட் விண்ணப்பம் பொதுத்தேர்வுக்கு முன்பே வந்துவிடும். ஐசர், நெஸ்ட் தேர்வுகள் கோடையில் நடக்கும், அவற்றுக்கும் ரிசல்ட் வருவதற்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த வருஷம் போச்சு. எந்தக் கல்லூரியாக இருந்தாலும் இதைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள்: மூன்றாம் ஆண்டில் வெளியேறலாமா, அப்போது தனிப் பட்டமா, சான்றிதழில் பட்டத்தின் பெயர் என்ன, நாலாம் வருஷம் போக எத்தனை சி.ஜி.பி.ஏ. வேண்டும், அரியர் இருந்தால் நிறுத்திவிடுவார்களா. பதில் எழுத்தில் வரட்டும். போனில் சொல்வதற்கு மதிப்பில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அதற்கு முன்னால் காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) பொதுமக்கள் பார்க்கத் திறந்த நாள் வைத்தால் அவளைக் கூட்டிப்போய் ஆய்வகங்களைக் காட்டிவிடுங்கள், ஆய்வு என்றால் என்ன என்று கண்ணால் பார்த்துவிட்டு வரட்டும். அம்மான் அனுப்பிய பட்டியலைக் கொண்டுவர வேண்டாம். அவள் தன் கையால் எழுதிய மூன்று பெயர்கள் போதும்.