சைக்கிள் கேள்வி - பதில்: சிந்துக் காற்றுக்கு ஆபீஸ் நேரம் உண்டு

போன இதழில் லடாக்கில் சைக்கிள் ஓட்டியதைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதிவிட்டேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி லே நகரைச் சுற்றியே இருக்கின்றன. அதனால் செயின் சத்தமும் சீட் வலியும் ஒரு மாதம் காத்திருக்கட்டும்.

நானும் என் மைத்துனரும் ஞாயிறுதோறும் 60 கிலோமீட்டர் ஓட்டுகிறோம். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. பெரிய கணவாய் ஏறத் தெம்பில்லை. சிந்து நதியை ஒட்டியே சமதளமாகப் போகிற வழி இருந்தால் சொல்லுங்கள் அண்ணா. - ஒரு வாசகர், ஈரோடு

ஆற்றோரச் சாலை என்றதும் உங்களுக்குக் காவிரிக்கரைதான் கண்ணில் வந்திருக்கும். அதை முதலில் அழித்துவிடுங்கள். லேயில் வருடம் முழுக்கப் பெய்யும் மழை சுமார் 100 மில்லிமீட்டர்தான். நம் ஊரில் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிற அளவு. ஆறு ஓடுகிற இடத்தில் மட்டும் பச்சை. வில்லோ மரம், பாப்லர் மரம், பார்லி வயல். அதைத் தாண்டினால் மண்ணும் கல்லும்தான்.

உங்களுக்கு ஏற்றது ஆற்றின் மேல்பக்கம். லேயிலிருந்து சோக்லம்சர், ஷே, திக்ஸே வழியாகக் காரு வரை சுமார் 35 கி.மீ. பள்ளத்தாக்கு அங்கே அகலமானது, ஏற்றம் காலுக்குத் தெரியாமல் ஏறும். ஷேயைத் தாண்டியதும் சாலையோர வெளியில் வெள்ளை வெள்ளையாக நூற்றுக்கணக்கில் ஸ்தூபிகள் நிற்கும். திக்ஸே மடம் ஒரு குன்று முழுக்கப் படி வைத்துக் கட்டிய ஊர் மாதிரி தூரத்திலிருந்தே தெரியும். தெரிய ஆரம்பித்த பிறகு வந்து சேர அரை மணி நேரமாவது ஆகும். வறண்ட காற்றில் எல்லாமே பக்கத்தில் இருப்பதாகத்தான் தோன்றும். காருவில் பாலம் கடந்தால் ஹெமிஸ் மடத்துக்குச் செங்குத்தாக ஒரு ஏற்றம். வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள், குறைச்சல் ஒன்றுமில்லை. திரும்பும்போது எதிர்க்கரையில் ஸ்டக்னா, மாத்தோ, ஸ்டோக் என்று கிராமம் கிராமமாக வரலாம். லாரி குறைவு, குழந்தைகள் அதிகம். எதிரே வருகிற எல்லோரும் "ஜூலே" என்பார்கள். வணக்கம், நன்றி, போய் வருகிறேன் எல்லாம் அதற்குள் அடக்கம். மூச்சு வாங்குகிறவனுக்கு அதுவே பெரிய உபகாரம்.

கீழ்ப்பக்கம், அதாவது நிம்மு, அல்ச்சி போகிற ஸ்ரீநகர் நெடுஞ்சாலை வேறு ரகம். வரைபடத்தில் ஆற்றோடு போவதாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்பிதுக் தாண்டியதும் சாலை ஆற்றை விட்டு மேட்டுவெளியில் ஏறிவிடும். பத்தர் சாகிப் குருத்வாரா, அப்புறம் வண்டி தானாக மேலே ஏறும் என்று சொல்கிற காந்தமலை, அங்கே படமெடுக்கிற கூட்டம். (காந்தமும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. சுற்றியுள்ள சரிவுகள் கண்ணை ஏமாற்றி, இறக்கத்தை ஏற்றமாகக் காட்டுகின்றன. சைக்கிள்காரனின் தொடை ஏமாறாது.) அங்கிருந்து நிம்முவுக்கு ஒரே இறக்கம், சன்ஸ்கார் ஆறு வந்து சிந்துவில் சேர்வது மேலிருந்தே தெரியும், இரண்டு தண்ணீரும் இரண்டு நிறம். பாஸ்கோவுக்குப் பிறகு மறுபடி ஒரு மேடு, மறுபடி வளைந்து வளைந்து சஸ்போலுக்கு இறக்கம். அல்ச்சி வரை 65 கி.மீ. சொச்சம். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கணக்குதான். ஆனால் அங்கே அது நூறுக்குச் சமம், அல்ச்சியில் ஒரு இரவு தங்கிவிடுங்கள். ஜூலை கடைசியில் போனால் ஆப்ரிகாட் பழுத்துத் தொங்கும். மடத்துச் சுவரோவியங்கள் எண்ணூறு ஆண்டுக்கும் மேல் பழையவை. உள்ளே படமெடுக்க விடமாட்டார்கள், கேமராவை எடுக்காமல் கண்ணால் பாருங்கள்.

எதிர்காற்று பயங்கரமாக இருக்குமாமே? நான் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஓட்டிப் பழகியவள். - ஒரு வாசகி, நாகர்கோவில்

அப்படியானால் உங்களுக்குப் பாதிப் பாடம் முடிந்தது. ஆனால் ஆரல்வாய்மொழிக் காற்று ஆடி மாதத்தில் இரவு பகல் பார்க்காது. சிந்துக் காற்றுக்கு ஆபீஸ் நேரம் உண்டு. விடியற்காலையில் இலைகூட அசையாது. வெயில் ஏறி, மொட்டை மலைச்சரிவுகள் சூடாகி, அங்குள்ள காற்று மேலே கிளம்பும். அந்த இடத்தை நிரப்பப் பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கத்திலிருந்து, ஆறு ஓடும் திசைக்கு எதிராக, காற்று இழுக்கப்படும். மதியத்துக்குப் பிறகு அதன் ஆட்டம்தான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் தடவை லேயில் பத்து மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பி, நிம்முவில் இரண்டு சமோசா தின்று, பாஸ்கோ மேட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. சஸ்போலுக்கு இறக்கம் தொடங்குகிறது, பெடலை நிறுத்தினேன், சைக்கிள் நின்றுவிட்டது! இறக்கத்தில் சின்ன கியர் போட்டு மிதித்தேன். பல்லிடுக்கில் மணல். ஆனால் மறுநாள் திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது.

ஆக, மேல்பக்கம் போகிற நாளில் ஆறு மணிக்குக் கிளம்பி மதியத்துக்குள் லே திரும்பிவிட வேண்டும். வருகிற வழிதான் எதிர்காற்று. கீழ்ப்பக்கம் போகிற நாளில் அதிகாலையில் போய்ச் சேர்ந்துவிட்டு, மறுநாள் திரும்புவதைக் கொஞ்சம் தாமதமாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டால் திட்டுவீர்கள்: லே ஊர் ஆற்றங்கரையில் இல்லை. விமான நிலையத்திலிருந்து கடைவீதிக்கு ஏறத்தாழ 250 மீட்டர் உயரம் ஏற வேண்டும். நாள் முழுக்க ஓட்டிய பிறகு கடைசியில் வருகிற அந்த ஏற்றத்தில் எந்தக் காற்றும் போதாது. நான் இரண்டு தடவை தள்ளிக்கொண்டுதான் போனேன்.

நான் மாரத்தான் ஓடுகிறவன். லேயில் இரண்டு நாள் சும்மா இருக்கச் சொல்கிறார்கள். எனக்கும் அது அவசியமா? - ஒரு வாசகர், சென்னை

அவசியம். உயரத்துக்கு உங்கள் மெடல் தெரியாது. லே 3,500 மீட்டர். காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். என்னோடு வந்த தம்பிக்கு வயது 27, எங்கள் குழுவிலேயே வேகமானவன். இறங்கிய அன்று மாலையே குன்றின் மேலிருக்கும் சாந்தி ஸ்தூபிக்கு ஏறினான். இரவு முழுக்கத் தலைவலி, வாந்தி. அடுத்த மூன்று நாள் அறையில் படுக்கை. 54 வயதில் நான் மெதுவாகத் திரிந்துகொண்டிருந்தேன். இரண்டு நாள் தண்ணீர் குடித்துக்கொண்டு, மூன்றாம் நாள் ஷே வரை மட்டும் போய்வாருங்கள். உயரத்துக்கான மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நடை தடுமாறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ரோடு பைக் போதுமா, எம்டிபி (மலைப்பாதைச் சைக்கிள்) வேண்டுமா? - ஒரு வாசகர், திண்டுக்கல்

நீங்கள் கேட்பது இந்த இரண்டு வழிக்கும் என்றால் ரோடு பைக் தாராளம். 32 மி.மீ. அகல டயர் போடுங்கள், பின்னால் பெரிய பல்சக்கரம் 32 பல்லாவது இருக்கட்டும். ராணுவ லாரிகள் வரிசையாக வரும்போது வீரம் வேண்டாம், ஓரம் கட்டுங்கள்.

பஞ்சர் பற்றி யாரும் சொல்லாத விஷயம் ஒன்று. அந்த ஊர்க்காரர்கள் வயல் சுவரின் மேல் சீபக்தார்ன் என்கிற புதரின் காய்ந்த முள்ளை அடுக்கி வேலி கட்டுவார்கள். சாயங்காலக் காற்றில் அது சாலைக்கு வந்துவிடும். மாத்தோ பக்கம் என் பின் டயரிலிருந்து எடுத்த முள் தீக்குச்சியில் பாதி நீளம், கறுப்பாக, கோணி ஊசி மாதிரி. ட்யூபை மாற்றும் முன் டயரின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். நான் தடவவில்லை, பத்து நிமிடத்தில் இரண்டாவது பஞ்சர். கைப்பம்பில் அடிப்பதும் அங்கே தவம்தான். காற்றே மெலிந்திருப்பதால் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே போவது குறைவு. ஊரில் 100 அடி என்றால் அங்கே 150.

விமானத்தில் சைக்கிள் கொண்டுபோனால் உடையாதா? - ஒரு வாசகர், மதுரை

என்னுடையது வளைந்தது. பெட்டியைத் திறந்தால் பின் கியர் சக்கரத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. ஏற்றி இறக்கியவர்களைத் திட்டிவிட்டு அப்புறம் யோசித்தால், கியரைக் கழற்றாமல் பெட்டியில் வைத்தது நான்தான். லேயில் வாடகைக்கு விடுகிற கடைகளில் எம்டிபி சாமான்தான் கிடைத்தது, என் வண்டிக்குப் பொருந்துகிற ஹேங்கர் (பின் கியரை வண்டிச் சட்டத்தோடு பிடித்து நிற்கும் சின்ன உலோகத் துண்டு) இல்லை. ஒரு கடைக்காரர் பெரிய ஸ்பானரை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வளைந்ததை மெல்ல மெல்ல நிமிர்த்தினார். எட்டு கியரில் ஆறு ஒழுங்காக மாறியது. அதிலேயே அல்ச்சி போய் வந்தேன். நீங்கள் பின் கியரைக் கழற்றித் துணியில் சுற்றிக் கட்டுங்கள், கூடுதலாக ஒரு ஹேங்கரை சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.