தேதி இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள்

பழைய துணியை அடுக்கடுக்காக ரெசின் என்னும் இறுகும் பிசினில் நனைத்து, அழுத்திக் காயவைத்து, அந்தப் பலகையை அறுத்துக் கத்திக்குப் பிடி போடும் வேலை நம் கடற்கரையில் பரவிவிட்டது போலும். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

மீன் வெட்டும் கத்தியின் மரப்பிடி உப்புத் தண்ணீரில் ஊறி வீணாகிறது. துணிப்பிடி செய்து தருவதாக மகன் சொல்கிறான். எந்தத் துணி வாங்கலாம்? (வாசகி, தங்கச்சிமடம்)

துணியே வாங்காதீர்கள், அம்மா. பழைய கைலியோ கிழிந்த ஜீன்ஸோ போதும். முழுப் பருத்தியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகித வாடையோடு எரிந்து உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகி, நுனியில் கெட்டி உருண்டையாக நிற்கும். அது ரெசினைக் குடிக்காது. புதுத் துணியில் கஞ்சி இருக்கும். வெந்நீரில் அலசி, மொறமொறவென்று காயவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம். ஈரக் காற்று பட்டால் எப்பாக்சி என்ற ரெசினின் மேல் பால் நிறத்தில் பிசுபிசுப்பு படரும்.

காசைச் செலவழிக்க வேண்டியது கிராம் காட்டும் சின்னத் தராசு, கையுறை, அழுத்திப் பிடிக்கும் திருகான சி கிளாம்ப் ஆகியவற்றுக்கு. கிளாம்ப் வாங்கும்போது திருகிப் பார்த்து வாங்குங்கள். சந்தையில் மலிவு என்று நான் வாங்கியதன் மரை, இரண்டாம் திருகலிலேயே வழுக்கியது.

பிடியின் ஒரு பக்கத்துக்கு 6 மில்லிமீட்டர் தடிமன் போதும். எத்தனை அடுக்கு என்று என்னைக் கேட்காதீர்கள். உலர்ந்த துணியை அடுக்கி மரப்பலகைகளுக்கு நடுவே இறுக்கி அளந்தால் தெரிந்துவிடும். தேய்மானத்துக்கு இரண்டு அடுக்கு கூட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டும் நிறம் கறுத்து, வெள்ளைத் திட்டு ஒன்றுகூட இல்லாமல் நனைய வேண்டும். மேலும் கீழும் பாலிதீன் தாள் வைத்து இறுக்குங்கள். ஓரத்தில் ரெசின் முத்து முத்தாகக் கசியும்போது நிறுத்திவிடச் சொல்லுங்கள். பையன்கள் பலத்தைக் காட்டி ரெசின் முழுவதையும் பிழிந்துவிடுவார்கள். பிறகு அறுக்கும்போது அடுக்கு பிரியும்.

ஃபைபர் படகுக்குப் பூசும் ரெசின் மலிவாகக் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா? (பாம்பன்)

பயன்படுத்தலாம். அது பாலியெஸ்டர் ரெசின். நாற்றம் அதிகம், காயும்போது கொஞ்சம் சுருங்கும், ஒட்டும் பலத்தில் எப்பாக்சிக்கு ஒரு படி கீழே. பலகை செய்ய அது போதும். பலகையைக் கத்தியில் ஒட்ட மட்டும் எப்பாக்சியே வாங்குங்கள். ஓர் எச்சரிக்கை: படகுப் பட்டறையில் ரெசினை இறுக வைக்க கோபால்ட், ஹார்டனர் என்று இரண்டு சின்னப் பாட்டில்கள் தருவார்கள். அவை இரண்டையும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் வெடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட்டை ஊற்றி நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகே ஹார்டனர்.

அரைக் கிலோ எப்பாக்சியை ஒரே டம்ளரில் கலந்தேன். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினேன். புகை வந்து டம்ளர் உருகிவிட்டது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? (தொண்டி)

கேட்கலாம், கிடைக்காது. லேபிளில் அளவு போட்டிருந்ததா இல்லையா? எப்பாக்சியில் ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகாது, கெடும். மொத்தமாகக் கலந்தால் சூடு வெளியேறாமல் புகையும்; இனிமேல் கொஞ்சமாகக் கலந்து, அகலத் தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள், தம்பி.

தெரிந்த கடையில் ஒரு கிலோ ரெசினை வாட்டர் பாட்டிலில் நிரப்பிக் கொடுத்தார்கள். லேபிள் இல்லை, பில் இல்லை. மூன்று நாளாகியும் பலகை கையில் ஒட்டுகிறது. "கலக்கத் தெரியாதது உங்கள் தவறு" என்கிறார் கடைக்காரர். (கீழக்கரை)

கலக்கத் தெரியவில்லையாம்! எந்த ரெசின், எத்தனைக்கு எத்தனை என்று எழுதாமல் விற்றவர் சொல்கிற பேச்சா இது? ஒரு வகைக்கு 100 கிராமுக்கு 10 கிராம் ஹார்டனர், இன்னொன்றுக்கு இரண்டு பங்குக்கு ஒரு பங்கு. பாலியெஸ்டரானால் நூற்றுக்கு ஒன்றிரண்டே. லேபிள் இல்லாமல் எவராலும் சரியாகக் கலக்க முடியாது. பாலியெஸ்டர் ரெசினுக்குச் சில மாதங்களே ஆயுள். நம் ஊர் வெயிலில், தகரக் கூரைக் கடையில் அதுவும் குறையும். பெரிய டின்னில் தேதி இருக்கும். பாட்டிலுக்கு மாறியவுடன் தேதி மாயமாகிவிடுகிறது, பழைய சரக்கு புதுச் சரக்காகிவிடுகிறது. என் மேசைக்கு அடியிலும் தேன் நிறத்தில் ஒரு பாட்டில் கிடக்கிறது. ஹார்டனர் என்று சொல்லித்தான் விற்றார்கள். இதுவரை எதையும் இறுக்கியதில்லை.

முன்பே நிரப்பி அடுக்கிவைத்து விற்றால் அது பொட்டலப் பொருள். 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, அளவு, மாதம், வருடம், விலை ஆகியவை அச்சிட்டிருக்க வேண்டும். நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். மிச்ச ரெசினைக் கொட்டிவிடாமல் பாட்டிலோடு படம் எடுங்கள். ஜிபேயில் கட்டியிருந்தால் அந்தப் பதிவே சாட்சி. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும்.

"ஒரிஜினல் மைக்கார்ட்டா" என்று ஆன்லைனில் வாங்கினேன். அறுத்தால் உள்ளே வெறும் பிளாஸ்டிக். துணி வரி மேலே அச்சடித்தது. (ஏர்வாடி)

வருத்தமாக இருக்கிறது. மைக்கார்ட்டா என்பது 1910-ஐ ஒட்டி அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் மின்காப்புக்காகக் கொண்டுவந்த பொருள். காகிதம் அல்லது துணியோடு பீனாலிக் ரெசின். அடுக்கு வரி வெட்டு முகத்தில் தெரியாவிட்டால் அது மைக்கார்ட்டாவே இல்லை. விற்ற தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் இராமநாதபுரத்திலேயே வழக்குப் போடலாம்.

மனைவியின் பட்டுப்புடவையில் பிடி செய்தால் பளபளக்குமா? (தேவிபட்டினம்)

அவரைக் கேட்டீர்களா?

இவ்வளவு பாடு எதற்கு, ரெடிமேடாகக் கிடைக்காதா? (மண்டபம்)

கிடைக்கும். மின்சாதன, இயந்திரச் சாமான் கடைகளில் ஹைலம் ஷீட் கேளுங்கள், ரெசினில் அழுத்திச் செய்த பலகைதான் அது. காகித அடுக்கு, துணி அடுக்கு என்று இரண்டு வகை உண்டு; துணி அடுக்கைக் கேட்டு, ஓரத்தைப் பார்த்து வாங்குங்கள். அரம் போடும்போதும் உப்புத்தாள் தேய்க்கும்போதும் பறக்கும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. வாயில் துண்டைக் கட்டினால் போதாது, நல்ல மாஸ்க் வேண்டும். பில் வாங்க மறக்காதீர்கள்.