அத்திவாரம் வெட்டாமல் கழற்றிப் பூட்டும் கொட்டகை: கிளிநொச்சியில் எப்படி அமைப்பது?

கேள்வி: கிளிநொச்சியில் எங்கள் சனசமூக நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வெறுங்காணி கிடக்கிறது. பின்நேரம் பிள்ளைகள் இருந்து வாசிக்கவும், சனிக்கிழமைகளில் பெண்கள் மரக்கறியும் பலகாரமும் விற்கவும் ஒரு கொட்டகை வேண்டும். காணிக்காரர் கேட்டால் உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும். அத்திவாரம் வெட்டக்கூடாது. எப்படிச் செய்யலாம்?

பதில்:

கழற்றுவதை முதலில் யோசியுங்கள். பூட்டுவது அதிலிருந்தே வரும். தகரத்தை ஆணி அடித்துப் போட்ட கொட்டிலைப் பிரித்தால் தகரம் ஓட்டையாகும், தடி பிளக்கும், பாதிச் சாமான் விறகுக்குத்தான் போகும். அதனால்தான் 'தற்காலிகம்' என்று போட்டதைப் பிரிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. ஆணியும் வெல்டிங்கும் இல்லாமல், ஒரே அளவு ஸ்பனரால் முழுவதையும் கழற்ற முடிந்தால்தான் காணிக்காரருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றலாம்.

கட்டட வேலைக்குச் சாரம் கட்டும் இரும்புக் குழாயும் அதன் கிளாம்பும் இதற்கு மிகப் பொருத்தம். குழாயின் வெளிவிட்டம் 48.3 மில்லிமீற்றர், சுவர்த் தடிப்பு 3.2 மில்லிமீற்றர் போதும். 6 மீற்றர் நீளத்தில் 11 குழாய் வாங்குங்கள். மூன்றை வெட்டாமல் விடுங்கள்: கூரையைத் தாங்க நீளப்பாட்டில் கிடையாகப் போகும் முன்வளை, பின்வளை, நடுவளை. ஒன்றை 2 மீற்றராக மூன்று துண்டு போட்டால் பின்பக்கக் கப்புகள் (நிமிர்ந்து நிற்கும் தூண்கள்) மூன்றும் வந்துவிடும். மிச்சம் ஏழையும் 3 மீற்றராக வெட்டினால் 14 துண்டு: முன்கப்பு 3, வளைகளுக்குக் குறுக்கே சரிவாகக் கிடக்கும் கைமரம் 3, அடியில் முன்கப்பையும் பின்கப்பையும் இணைக்கும் அடிக்குழாய் 3, சாய்வுத் தாங்கி 4. கடைசித் துண்டை ஒன்றரை மீற்றராக இரண்டாக்கி, முன்பக்க மூலை இரண்டிலும் கப்புக்கும் வளைக்கும் இடையில் சாய்த்துப் பூட்டுங்கள். ஒரு சாணும் வீண் போகாது.

முன்கப்புக்கும் பின்கப்புக்கும் இடைவெளி 2.6 மீற்றர். நீளப்பாட்டில் ஒரு கப்பிலிருந்து அடுத்ததற்கு 2.7 மீற்றர். முன்னுக்கு 3 மீற்றர் உயரம், பின்னுக்கு 2 மீற்றர் என்பதால் கூரை நல்ல சரிவாக விழும். செங்கோணக் கிளாம்ப் 21, சுழலும் கிளாம்ப் 12 தேவை. கூடவே இரண்டு மூன்று உபரியாக எடுங்கள். சாய்வுத் தாங்கி இரண்டை இரு பக்கவாட்டிலும் மற்ற இரண்டைப் பின்பக்கத்திலும் போடுங்கள். வழியை மறைக்கிறதென்று பலர் முதலில் கழற்றி வைப்பது இதைத்தான். அதற்குப் பிறகு கொட்டகை ஆட்டம் காணும், ஆடினால் கிளாம்ப் இளகும், இளகினால் வளை வழுகும்.

இனி நிலம். வன்னியில் அலவாங்கு போடும் முன், அந்தக் காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதுதானா என்று கிராம சேவகரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். விடுவித்த காணியாக இருந்தாலும் முளை அடிப்பதை நம்பவேண்டாம். நம் செம்மண் கோடையில் கல்லாக இறுகிக் கிடக்கும், மாரியில் நாலு நாள் மழைக்குப் பிறகு முளையைக் கையால் உருவலாம். ஆகவே எல்லாம் நிலத்துக்கு மேலேயே நிற்கட்டும். ஒவ்வொரு கப்புக்கும் அடியில் ஓரடிச் சதுரக் கொங்கிறீற் தட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ஈர மண்ணில் ஒரு கப்பு மட்டும் தாழ்ந்து, கூரை ஒரு பக்கம் கோணும்.

பாரம் எவ்வளவு வேண்டும் என்பதைக் காற்றிலிருந்து கணக்கிட வேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகக் காற்று ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 17 கிலோ அழுத்தம் கொடுக்கும். உங்கள் கூரை 18 சதுர மீற்றர். அதாவது 300 கிலோவுக்கு மேல் அதை மேலே தூக்கப் பார்க்கும். 80 கிலோமீற்றர் என்றால் 550. வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நாலு மடங்காகும் என்பதை மனதில் வைத்திருங்கள். குழாயும் கிளாம்பும் சேர்ந்து ஏறத்தாழ 270 கிலோதான்.

எனவே 20 லீற்றர் வெற்றுப் பெயின்ற் வாளி 12 எடுத்து, 10 மில்லிமீற்றர் கம்பியைக் கொளுக்கியாக வளைத்து நடுவில் நிறுத்திக் கொங்கிறீற் நிரப்புங்கள். ஒரு வாளி 45 கிலோ வரும். கொளுக்கிக்குள் தடி ஒன்றை விட்டால் இரண்டு பேர் தூக்கலாம். கப்புக்கு இரண்டு வாளி வீதம் வைத்து, அடிக்குழாயோடு தொய்வில்லாமல் இறுக்கிக் கட்டுங்கள். கட்டாமல் சும்மா பக்கத்தில் வைத்த பாரம் பாரமே இல்லை, கொட்டகை எழும்பும்போது வாளி இருந்த இடத்திலேயே இருக்கும். தண்ணீர்ப் பீப்பாய் வைப்பவர்களும் உண்டு. 200 லீற்றர் பீப்பாய் 200 கிலோ, வெறுமையாகக் கொண்டுபோகலாம் என்பது நல்ல வசதி. ஆனால் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நுளம்பு பெருகி டெங்கு வரும்.

மண்ணைக் கிண்டாமல் பாரத்தால் நிறுத்துவது உலகம் அறிந்த முறைதான். 1995இல் ஜப்பானின் கோபே நில நடுக்கத்துக்குப் பிறகு, கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் கடதாசிக் குழாய்களால் சிறு வீடுகள் அமைத்தார். அவற்றுக்கு அத்திவாரம், மணல்மூட்டை நிரப்பிய பியர்ப் பெட்டிகள். கிடைக்கிற பொருளைக் கொண்டு, திரும்ப எடுக்கிற மாதிரிச் செய்த அந்த வேலையை எத்தனை முறை பார்த்தாலும் மதிப்புக் கூடுகிறது. 2011இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரம் பூமி அதிர்ச்சியில் இடிந்தபோது கப்பல் கொள்கலன்களை அடுக்கி ஒரு கடைத்தெருவே திறந்தார்கள். அதைப் பார்த்து இங்கே கொள்கலன் வாங்க நினைக்காதீர்கள். மேலே நிழற்கூரை போடாத இரும்புப் பெட்டிக்குள் வன்னி வெயிலில் மத்தியானம் யாரும் இருக்க முடியாது.

திசை முக்கியம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். மாரியில் வாடை மழையோடு வடகிழக்கிலிருந்து வரும். உயரமான திறந்த முன்பக்கம் இரண்டில் எதற்கும் நேரே நின்றால் கூரை பாய்மரமாகிவிடும். தென்கிழக்கைப் பார்த்து நிறுத்தினால் இரண்டு காற்றும் பக்கவாட்டில் போகும், பின்நேர வெயிலும் முதுகுப்பக்கம் விழும்.

கூரைக்கு 4க்கு 6 மீற்றர் தறப்பாள் சரியான அளவு. நிவாரணத்துக்குக் கொடுக்கும் தடித்த நெய்தல் தறப்பாளை எடுங்கள். மெல்லிய நீலத் தறப்பாள் வெயிலில் சில மாதத்திலேயே பொடியும். அதைக் கைமரத்தின் மேல் அப்படியே விரித்தால் இடையில் தொய்ந்து மழைநீர் குளமாகும். மூன்றடி அகலம், நடுவில் நாலங்குல ஆழம் என்றாலே முப்பது கிலோவுக்கு மேல். தொய்வு கூட இன்னும் தண்ணீர் சேரும், கடைசியில் தறப்பாளில் கயிறு கோக்கும் கண்ணி கிழியும். ஆகவே தறப்பாள் விரிக்கும் முன், முன்வளையிலிருந்து பின்வளைக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றாக நைலோன் கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். விரித்த பிறகு மேலாலும் அதேபோல் ஐந்தாறு கயிறு வேண்டும். தறப்பாளைக் கொல்வது காற்றின் பலத்தை விட அது ஓயாமல் படபடப்பதுதான். இரண்டு கயிற்றுக்கும் நடுவில் அகப்பட்டால் படபடக்காது. குழாய் நுனிகளுக்கு பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி மாட்டினால் உராய்ந்து கிழியாது.

ஓரக் கயிறுகளை ஒரு நுனியை இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் கழற்ற வேண்டியது தறப்பாள். வெறும் குழாய்ச் சட்டத்தில் காற்று அவ்வளவாகப் பிடிக்காது.

தறப்பாளுக்குக் கீழே வெக்கை தாங்காது என்பீர்கள், உண்மைதான். மேலே ஒரு வரிசை கிடுகு போட்டு, பனஞ்சிலாகை வைத்து அழுத்திக் கட்டினால் நிழலும் கிடைக்கும், தறப்பாளின் ஆயுளும் கூடும். இந்தச் சரிவில் கிடுகு மட்டும் போட்டால் ஒழுகும், அதற்கு இன்னும் செங்குத்தான கூரை வேண்டும். கிடுகு போட்டால் கீழே அடுப்பு மூட்டவே கூடாது. பலகாரத்தை வீட்டில் சுட்டுக்கொண்டு வரட்டும்.

உள்ளே எட்டுக்கு நாலு பிளைவூட் பலகை ஒன்றை நீளவாக்கில் பிளந்தால் இரண்டு மேசைத் தட்டு. மடக்குக் கால் மேல் வைத்தால் சனிக்கிழமைக் கடை, மரக்கறிக் கூடைகளைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தால் பிள்ளைகளுக்கு வாங்கு.

வெளிச்சத்துக்குச் சூரியகலத் தகடும் பற்றறியும் 12 வோல்ற் விளக்கும் போதும். வீட்டு மின்கம்பியை இரும்புக் குழாயில் சுற்றிக் கொண்டுவராதீர்கள். 6 மீற்றர் குழாயை நிமிர்த்தும் இடத்துக்கு மேலே மின்சாரக் கம்பி போகிறதா என்று பார்த்தபிறகே வேலையைத் தொடங்குங்கள். இதில் கவனம் தவறினால் உயிர் போகும்.

பிரதேச சபைக்குக் கொடுக்கும் கடிதத்தில் படத்தோடு, பூட்டும் திகதியையும் கழற்றும் திகதியையும் எழுதுங்கள். காணிக்காரரின் சம்மதக் கடிதத்தையும் இணையுங்கள்.

திறக்கும் நாளுக்கு முன் ஒருமுறை முழுவதும் பூட்டி, அன்றைக்கே முழுவதும் கழற்றிப் பாருங்கள். சனிக்கிழமை கடை போடப்போகும் பெண்களும் அதில் நிற்கட்டும், ஸ்பனர் அவர்கள் கையிலும் பழக வேண்டும். நீளத்துக்கொரு நிறம் பூசி வைத்தால் துண்டு தேடி மினக்கெட வேண்டியதில்லை. கிளாம்புகளை எண்ணெய் தடவி, எண்ணிக்கையை மூடியில் எழுதிய வாளிகளில் போட்டுச் சனசமூக நிலையத்தில் வையுங்கள். பூட்டிய மறுநாளும், முதல் பெருங்காற்றுக்குப் பிறகும், எல்லாக் கிளாம்பையும் இன்னொருமுறை இறுக்க மறவாதீர்கள்.