கணினி கேள்வி-பதில்: டெபியனில் வைஃபை எங்கே?

கேள்வி: புது மடிக்கணினியில் டெபியன் 12 லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். வைஃபை மட்டும் தென்படவே இல்லை. ரியல்டெக் ஆர்டிஎல்8852பிஇ சிப். யூனிட்டி பிளாசாவில் யூஎஸ்பி வைஃபை ஒன்று வாங்கவா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: காசை வைத்திருங்கள். சிப் பழுதில்லை, கெர்னல்தான் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பழையது. டெபியன் 12 இன் கெர்னல் 6.1, இந்தச் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் 6.2 இல்தான் சேர்ந்தது. நிலையான வெளியீட்டில் கெர்னலின் பதிப்பைப் பூட்டிவிட்டுத் திருத்தங்களை மட்டுமே அனுப்புவார்கள். அதனால் எத்தனை தடவை அப்டேட் செய்தாலும் வைஃபை வராது.

வழி பேக்போர்ட்ஸ், அதாவது நிலையான வெளியீட்டுக்கும் புதிய பதிப்புகளைத் தரும் டெபியனின் தனிக் களஞ்சியம். கைத்தொலைபேசியை யூஎஸ்பி வயரில் இணைத்து, டெதரிங்கில் இணையம் எடுங்கள். ஆப்ட் (டெபியனின் மென்பொருள் நிறுவி) மூலப் பட்டியலில் புக்வோர்ம்-பேக்போர்ட்ஸ் (புக்வோர்ம் என்பது டெபியன் 12 இன் பெயர்) வரியைச் சேர்க்கும்போது மெயின் பகுதியோடு நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பகுதியையும் எழுதுங்கள் (ஃபர்ம்வேர் என்பது சிப்புக்குள் ஏற்றப்படும் மென்பொருள்). பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: கெர்னல் புதிதாகும், ஃபர்ம்வேர் பழையதாகவே கிடக்கும், வைஃபை அப்போதும் எழும்பாது. பட்டியலைப் புதுப்பித்தபின் கெர்னல், ரியல்டெக் ஃபர்ம்வேர் இரண்டையும் பேக்போர்ட்ஸிலிருந்து என்று குறிப்பிட்டே நிறுவுங்கள். குறிப்பிடாவிட்டால் ஆப்ட் பழையதையே எடுக்கும். என்விடியா கிராபிக்ஸ் டிரைவர் இருந்தால் கெர்னல் ஹெடர்ஸும் (டிரைவரைப் புதுக் கெர்னலுக்குப் பொருத்தத் தேவையான கோப்புகள்) அங்கிருந்தே வேண்டும், இல்லையேல் திரை கறுத்துப்போகலாம்.

பழைய கெர்னலை அழிக்காதீர்கள். புதியது முரண்டுபிடித்தால் கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழையதைத் தெரிவுசெய்து உள்ளே போகலாம்.

டெபியன் 13 இல் கெர்னல் 6.12. இப்போதுதானே நிறுவினீர்கள், கோப்புகள் அதிகமில்லை என்றால் நேரே அதற்கே மாறிவிடுவதுதான் எங்கள் விருப்பம்.