வாசகர் கேள்வி பதில்: திம்பம் ஏறுனா அணைஞ்சு போற அம்பாசிடர்

கேள்வி: அண்ணா, எங்கப்பா வெச்சிருந்த அம்பாசிடர் மார்க் 4 பெட்ரோல் வண்டிங்க. ஊருக்குள்ள ஓட்டறப்ப ஒரு தொந்தரவும் இல்லீங்க, பண்ணாரி தாண்டி திம்பம் ஏறுனா பாதி மலைல பட்டுனு அணைஞ்சுருது, அரை மணி நேரம் நின்னா திரும்ப ஸ்டார்ட் ஆகுது. காயில், கண்டென்சர், பிளக் எல்லாம் மாத்தியாச்சு. இப்ப ஒயரிங்கையே மொத்தமா மாத்தச் சொல்றாங்க, மாத்திரலாமுங்களா?
- வாசகர், கோபி

பதில்: இப்போதைக்கு வேண்டாமுங்க தம்பி. வண்டி ஆறுன பொறவு ஒர்க்‌ஷாப்புல பாத்தா எல்லாமே நல்லாத்தான் இருக்கும், அதனாலதான் ஒவ்வொரு சாமானா மாத்திட்டே இருக்காங்க. அணைஞ்ச அந்த நிமிஷத்துல கரன்ட் எதுவரைக்கும் வருதுன்னு பாக்கோணும்.

திணறித் திணறி நின்னா பெட்ரோல் சூட்டுல ஆவியாகி லைன்ல அடைச்சிருக்கும். நீங்க பட்டுனு அணையுதுங்கறீங்க, அப்ப இக்னிஷன், அதாவது பிளக்குல பொறி வரவெக்கற கரன்ட் பக்கம்தான் சந்தேகம். 27 கொண்டை ஊசி வளைவு, புலிகள் காப்பகம் வேற, அங்க பானெட்டைத் தொறந்து வெச்சுட்டு நிக்க வேண்டாம், வீட்டு வாசல்லயே நல்லா சூடேற வரைக்கும் ஓடவிட்டு, அணைஞ்ச உடனே பாருங்க.

ஒரு 12 வோல்ட் பல்புல ரெண்டு ஒயர் கட்டி ஒண்ணை பாடில எர்த் பண்ணிக்குங்க. சாவியைப் போட்டுட்டு இன்னொண்ணை, பிளக்குக்கு வேண்டிய பெரிய வோல்ட்டேஜைக் குடுக்கற காயில்ல எஸ்டபிள்யூன்னோ பிளஸ்னோ போட்டிருக்கற முனைல வைங்க. எரியலைன்னா காயில் மேல தப்பே இல்ல, சாவி சுவிட்சோ, அங்கிருந்து வர்ற வெள்ளை ஒயரோ, நடுவுல இருக்கற ஜாயிண்ட்டோதான். ஏற்கனவே யாராச்சும் ஒயர் மாத்தியிருந்தா கலரை நம்பாதீங்க, கையால புடிச்சுட்டே போய்ப் பாருங்க.

எரிஞ்சா, பல்பை மறு முனைக்கு, சிபின்னு போட்டிருக்கும், மாத்தி வெச்சுட்டு ஒருத்தரை செல்ப் அடிக்கச் சொல்லுங்க. பல்பு விட்டு விட்டு மினுக்கோணும். எரிஞ்சுட்டே இருந்தா பாயிண்ட்டுக்கு (பிளக்குகளுக்குக் கரன்ட்டைப் பிரிச்சுக் குடுக்கற டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள தொறந்து தொறந்து மூடற சுவிட்ச்) எர்த் கெடைக்கலை, எரியவே இல்லைன்னா சாவியை ஆப் பண்ணி அந்த முனைல இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற ஒயரைக் கழட்டிட்டு திரும்ப சாவி போட்டுப் பாருங்க, அப்ப எரிஞ்சா உள்ள எங்கயோ பாடில தொட்டுட்டிருக்கு, அப்பவும் எரியலைன்னா காயிலுக்குள்ளயே அறுந்திருக்கு. சாவியைப் போட்டபடியே ரொம்ப நேரம் விட்டுறாதீங்க, பாயிண்ட் மூடியிருந்தா காயில் கொதிச்சுப் போயிரும்.

எனக்கு ரொம்ப சந்தேகம் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கற ரெண்டு குட்டி ஒயர் மேலதானுங்க. ஒண்ணு பாயிண்ட்டுக்குக் கரன்ட் கொண்டு போறது, இன்னொண்ணு பாயிண்ட் உக்காந்திருக்கற பிளேட்டுக்கு எர்த். ஆக்சிலேட்டரைக் கூட்டிக் கொறைக்கறப்பல்லாம் வேக்குவம், அதாவது இன்ஜின் காத்தை உறிஞ்சற இழுப்பு, அந்தப் பிளேட்டை இழுத்து விடும், மலைல அது ஓயாம நடக்கும், வருஷக்கணக்கா அசைஞ்சு அசைஞ்சு மேல ரப்பர் நல்லா இருக்கறப்பவே உள்ள கம்பி அறுந்துரும், சூட்டுல விலகும், ஆறுனா ஒட்டிக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மேல இருக்கற மூடியை (கேப்) கழட்டிட்டு, வேக்குவம் குழாயை கார்புரேட்டர் பக்கம் உருவி வாயால உறிஞ்சுங்க, பிளேட் அசையறப்ப ஒயரை மெதுவா இழுத்துப் பாருங்க. ரப்பர் மாதிரி நீண்டா உள்ள கம்பி இல்லீங்க. மாத்தறப்ப சாதாரண ஒயரைப் போட்றாதீங்க, மெல்லிசா பல இழை உள்ள நெளியற ஒயர்தான் தாங்கும். அதோட பாயிண்ட் தொறக்கறப்ப இருக்கற இடைவெளியையும் 0.35லேர்ந்து 0.40 மில்லிமீட்டருக்குள்ள வெச்சிருங்க.

கேள்வி: மழைக்காலத்துல காலைல மட்டும் எங்க பழைய பத்மினி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. வெயில் வந்தா சரியாயிருது.
- வாசகி, வால்பாறை

பதில்: டிஸ்ட்ரிபியூட்டர் கேப்புக்குள்ள ஈரம் கோத்திருக்கும் அம்மிணி. கழட்டி உள்ளயும் வெளியயும் காஞ்ச துணில தொடைங்க, பிளக் ஒயரையும் தொடைங்க. உள்ள பென்சில்ல கோடு போட்ட மாதிரி கருப்பா இருந்தா அது கரன்ட் ஓடி ஓடி எரிஞ்ச தடம், தொடைச்சாப் போகாது, கேப்பை மாத்திருங்க.