அந்த நீதிமன்றம் லக்சம்பர்க்கில் இருக்கிறது

கேள்வி: கோவையில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். ஐரோப்பியச் சட்டத்தில், குறிப்பாகத் தனிநபர் தரவுப் பாதுகாப்பில், ஆய்வு இன்டர்ன்ஷிப் செய்ய ஆசை. ஒரே கடிதத்தை இருபது இடங்களுக்கு அனுப்பினேன். ஒரு பதில்கூட வரவில்லை. கடிதத்தை இணைத்திருக்கிறேன். எங்கே தவறு?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மதிப்பெண்கள் நன்றாக இருக்கின்றன, ஆங்கிலமும் தெளிவாக இருக்கிறது. ஆனால் இரண்டாம் பத்தியில் 'ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம்' என்று எழுதியிருக்கிறீர்கள். பலர் அந்த வரியோடு நிறுத்தியிருப்பார்கள். ஒன்றியத்தின் நீதிமன்றம் லக்சம்பர்க்கில் இருக்கிறது, 27 நாடுகளுக்கானது. ஸ்ட்ராஸ்பர்க்கில் இருப்பது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். அது 46 நாடுகள் சேர்ந்த ஐரோப்பிய கவுன்சிலின் அமைப்பு. நம் சுப்ரீம் கோர்ட் சென்னையில் இருக்கிறது என்று ஒருவர் எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்? உங்களை வருத்துவதற்காகச் சொல்லவில்லை. ஒரு மாலை நேரத்தில் திருத்திவிடக்கூடிய பிழை இது.

அந்த இரண்டு நீதிமன்றங்களையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அங்குள்ள பயிற்சி இடங்கள் பெரும்பாலும் உறுப்பு நாடுகளின் குடிமக்களுக்கே. லக்சம்பர்க்கில் நீதிபதிகள் கலந்து பேசுவதே பிரெஞ்சு மொழியில்தான். பிரஸ்ஸல்ஸில் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் ஆண்டுக்கு இருமுறை உதவித்தொகையுடன் ஐந்து மாதப் பயிற்சி தருகிறது. வெளிநாட்டவருக்கும் அதில் சில இடங்கள் உண்டு, ஆனால் பட்டம் பெற்றிருக்க வேண்டும். மாணவியான உங்களுக்கு ஏற்றவை பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும்தான். ஹைடல்பர்க்கின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம், தி ஹேக் நகரின் ஆஸ்ஸர் நிறுவனம் போன்றவற்றில் யார் எதை ஆராய்கிறார்கள் என்று பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது வேறொன்று. 'தரவுப் பாதுகாப்பில் மிகுந்த ஆர்வம்' என்று மூன்று இடங்களில் சொல்கிறீர்கள், ஒரு தீர்ப்பின் பெயர்கூட இல்லை. உங்கள் கையிலேயே அருமையான கேள்வி ஒன்று இருக்கிறது. ஆஸ்திரியத் தனியுரிமை ஆர்வலர் மாக்ஸ் ஷ்ரெம்ஸின் பெயரால் வழங்கும் இரண்டாம் ஷ்ரெம்ஸ் தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள், லக்சம்பர்க் நீதிமன்றம் 2020 ஜூலையில் தந்தது, வழக்கு எண் சி-311/18. ஐரோப்பியர்களின் தரவு வேறு நாட்டுக்குப் போனால், அங்கே கிடைக்கும் பாதுகாப்பு ஐரோப்பாவில் உள்ளதற்குச் சாராம்சத்தில் இணையாக இருக்க வேண்டும் என்றது அது. அமெரிக்காவுக்குத் தரவு அனுப்புவதற்கான ஏற்பாடு அதில் அடிபட்டுப் போனது. இப்போது நம் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். மத்திய அரசு அறிவிக்கை மூலம் தன் அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க 17ஆவது பிரிவு இடம் தருகிறது. பெங்களூரிலும் சென்னையிலும் உட்கார்ந்து ஐரோப்பிய வாடிக்கையாளர்களின் தரவைக் கையாளும் நிறுவனங்கள் இந்த அளவுகோலின் முன் எப்படி நிற்கும்? ஹைடல்பர்க் மாணவர் ஒருவரைவிட இதை நீங்கள் நன்றாகக் கேட்க முடியும்.

தீர்ப்பைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பான்மையோடு உடன்படாத நீதிபதிகள் தனியாக எழுதும் மாறுபட்ட தீர்ப்புகளைப் படித்தே வளர்ந்தவர்கள் நாம். லக்சம்பர்க்கில் அது கிடையாது, எல்லா நீதிபதிகளும் ஒரே குரலில்தான் பேசுவார்கள். எதிர்வாதங்கள் எங்கே என்று தேடினால் கிடைக்காது. அவற்றை அட்வகேட் ஜெனரலின் கருத்துரையில் தேட வேண்டும். நம் ஊரில்போல அரசின் வழக்கறிஞர் அல்ல அவர், தீர்ப்புக்கு முன் நீதிமன்றத்துக்குச் சுதந்திரமாகக் கருத்து சொல்பவர். இந்த வழக்கில் அந்தக் கருத்துரை 2019 டிசம்பரில் வந்தது. நான் எப்போதும் அதைத்தான் முதலில் படிப்பேன். இரண்டுமே ஒன்றியத்தின் சட்டத் தளமான யூர்-லெக்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன.

படித்து முடித்ததும் அந்தக் கேள்வியை மூன்று பக்கக் குறிப்பாக எழுதுங்கள். அதுவே உங்கள் எழுத்து மாதிரி. பிறகு அதே பொருளில் எழுதும் ஆய்வாளர்கள் நான்கைந்து பேருக்கு, ஒவ்வொருவரின் கட்டுரையையும் படித்துவிட்டு, தனித்தனியாக ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். முதல் வரியில் கேள்வி வரட்டும். மாதிரி நீதிமன்றப் போட்டிப் பரிசுகளைத் தன்விவரக் குறிப்பிலேயே விட்டுவிடலாம்.

உதவித்தொகை உண்டா என்று கேட்கத் தயங்காதீர்கள். பல இடங்களில் கிடையாது. வீட்டில் கடன் வாங்கிப் போகும்படி நான் சொல்ல மாட்டேன், வீட்டிலிருந்தபடியே ஆய்வுக்கு உதவ முடியுமா என்றும் கேட்கலாம். நேரில் போவதென்றால் விசாவுக்கு நாளாகும், ஆறு மாதம் முன்பே எழுதத் தொடங்குங்கள். அந்த மூன்று பக்கம் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.